வுடி ஹேய்ஸ்: அந்தக் குத்துக்கு முன்னால் 28 வருடங்கள்

கேள்வி இதுதான்: "ஒரு பழைய வீடியோ பார்த்தேன். அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். கண்ணாடி போட்ட ஒரு வயதான கோச், எதிர் அணியில் ஆடும் கல்லூரிப் பையனைப் பிடித்துக் குத்துகிறார். பெயர் வுடி ஹேய்ஸ். தேடிப் பார்த்தால், மிகப் பெரிய கோச்களில் ஒருவர் என்கிறார்கள், அவர் பெயரில் தெருகூட இருக்கிறது. ஒரே ஒரு குத்துக்காகவா வேலை போனது? இவர் பெரிய மனுஷனா, முரடனா?"

கடைசியிலிருந்து சொல்கிறேன். இரண்டும்தான். ஒரே குத்துக்காக வேலை போனதா என்றால், காகிதத்தில் அப்படித்தான். ஆனால் அந்தக் கை அன்றைக்குத்தான் முதல்முறை ஓங்கப்படவில்லை. அதற்கு முன்னால் எத்தனையோ தடவை ஓங்கியது. ஒவ்வொரு தடவையும் அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டது, ஏனென்றால் ஆள் ஜெயித்துக்கொண்டிருந்தார். என்னைப் பொறுத்தவரை ஹேய்ஸ் கதையில் விசேஷமே அதுதான். கோபக்கார கோச் எல்லா ஊரிலும் உண்டு.

அவர் கோச்சாக இருந்த கொலம்பஸ் ஊரில் நான்கு வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கல்லூரி ஆட்டம் என்றதும் நமக்கு வருகிற படத்தை அழித்துவிடுங்கள். பி.டி. மாஸ்டர் விசில் ஊத, மரத்தடியில் நாற்பது பேர் நின்று பார்க்கிற சமாச்சாரம் இல்லை இது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைதானம் 1922-ல் திறந்தது. குதிரை லாடம் மாதிரி வளைந்து நிற்கும், ஊர்க்காரர்கள் செல்லமாக 'ஷூ' என்பார்கள். இன்று அதில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் அது நிரம்பும். கொலம்பஸ், ஒஹாயோ மாநிலத் தலைநகரம்தான், ஆனாலும் அங்கே தொழில்முறை ஃபுட்பால் அணி கிடையாது. ஊரின் அணி என்றால் பல்கலைக்கழக அணிதான். அதன் கோச் மாநில கவர்னரைவிடப் பிரபலம். இன்றைய கோச்சின் சம்பளம் வருடத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல். ஹேய்ஸ் கடைசி வருடம் வாங்கியது சுமார் 43,000 டாலர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேற இரண்டு வழி. பந்தை அணைத்துக்கொண்டு ஆட்களை இடித்துக்கொண்டு ஓடலாம், அல்லது குவார்ட்டர்பேக் தூக்கி எறிய இன்னொருவர் பிடிக்கலாம். எறிவதில் ஆபத்து என்னவென்றால், எதிரணிக்காரன் குறுக்கே வந்து பிடித்துவிடலாம். அதற்கு இன்டர்செப்ஷன் என்று பெயர். ஹேய்ஸ் வாழ்நாள் முழுக்க எறிவதை நம்பாதவர். இதையும் நினைவில் வையுங்கள்.

வெய்ன் உட்ரோ ஹேய்ஸ், 1913 பிப்ரவரி 14 அன்று ஒஹாயோவில் கிளிஃப்டன் என்கிற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது நியூகமர்ஸ்டவுனில். அப்பா அங்கே பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளர். டெனிசன் கல்லூரியில் படிப்பு, பிறகு பள்ளி ஆசிரியர், பள்ளி அணி கோச், இரண்டாம் உலகப் போரில் கடற்படை. போரில் ஒரு கப்பலுக்குத் தலைமை தாங்கினார். திரும்பி வந்து டெனிசனில் மூன்று வருடம், பிறகு ஒஹாயோவிலேயே இருக்கும் மயாமி பல்கலைக்கழகத்தில் (ஃபுளோரிடா மயாமி இல்லை) இரண்டு வருடம். 1951-ல் ஒஹாயோ ஸ்டேட் அவரை எடுத்தது.

சந்தோஷமாக எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. அந்த வேலைக்கு அப்போதே 'கோச்களின் சுடுகாடு' என்று பெயர். வருகிறவரை இரண்டு மூன்று வருடத்தில் விரட்டிவிடுவார்கள். ரசிகர்களில் ஒரு பெரிய கூட்டம், முன்பு அங்கே கோச்சாக இருந்த பால் பிரவுனைத்தான் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று நின்றது. முதல் வருடம் ஹேய்ஸ் நான்கு வெற்றி, மூன்று தோல்வி, இரண்டு டிரா. முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. 1954-ல் பத்துக்குப் பத்து ஜெயித்து, சீசன் முடிவில் புத்தாண்டை ஒட்டி கலிஃபோர்னியாவில் நடக்கும் ரோஸ் பௌல் என்கிற பெரிய ஆட்டத்தில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேற்றில் புரட்டி 20-7 என்று முடித்ததும் முணுமுணுத்தவர்களெல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த மௌனம் கிட்டத்தட்ட 24 வருடம் நீடித்தது என்று சொல்லலாம்.

மொத்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒஹாயோ ஸ்டேட்டில் 28 சீசன், 205 வெற்றி, 61 தோல்வி, 10 டிரா. பிக் டென் என்கிற லீக்கில் 13 பட்டங்கள். தேசியச் சாம்பியன் பட்டம் ஐந்து என்று பல்கலைக்கழகம் கணக்கு வைத்திருக்கிறது: 1954, 1957, 1961, 1968, 1970. அந்தக் காலத்தில் இறுதிப்போட்டி என்று ஒன்று கிடையாது. நிருபர்கள் ஒரு பக்கம், கோச்கள் ஒரு பக்கம், வேறு சில அமைப்புகள் ஒரு பக்கம் என்று ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். அதனால் ஒரே வருடத்துக்கு இரண்டு சாம்பியன்கள் இருப்பதும் நடக்கும், அதை வைத்து ரசிகர்கள் இன்றும் சண்டை போடுவதும் நடக்கும்.

அவர் ஆட வைத்த விதத்துக்கு 'மூன்று யார்டு, ஒரு புழுதிப்படலம்' என்று பெயர் வந்தது. மூன்று யார்டு இடித்து ஓடு. எழுந்திரு. மறுபடி மூன்று யார்டு. வேடிக்கை பார்க்க சலிப்புதான். ஆனால் எதிரணி ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் நிற்கக்கூட முடியாமல் தள்ளாடும். இந்த ஆட்டத்தின் உச்சம் ஆர்ச்சி கிரிஃபின். வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 1974, 1975 என்று அடுத்தடுத்து வாங்கினார். இரண்டு தடவை அதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

சரி, சர்ச்சைகளுக்கு வருவோம். முதல் சர்ச்சை கோபத்தால் வந்தது இல்லை. பணத்தால் வந்தது, அதுவும் கொடுத்த பணத்தால்.

1955-ல் ஒரு தேசியப் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், கஷ்டப்படுகிற பையன்களுக்கு என் கைப்பணத்தைக் கடனாகக் கொடுப்பதுண்டு என்று ஹேய்ஸ் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அவருக்கு அது தப்பாகவே படவில்லை. ஊருக்குப் போக பஸ் காசில்லாத பையனுக்குக் கொடுக்காமல் எப்படி இருப்பது என்கிற ரகம். ஆனால் கல்லூரி வீரர்கள் அமெச்சூர்கள், உதவித்தொகைக்கு மேல் ஒரு டாலர் வாங்கக்கூடாது என்பது விதி. லீக் ஆணையர் விசாரித்தார். சில வீரர்கள் பார்க்காத வேலைக்கு முன்கூட்டியே சம்பளம் வாங்கியிருந்ததும் சேர்ந்து வெளியே வந்தது. 1956-ல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு ஒரு வருடத் தகுதிகாண் தண்டனை (இன்னொரு தப்பு நடந்தால் பார்த்துக்கொள் என்கிற எச்சரிக்கைக் காலம்), ரோஸ் பௌலுக்குப் போகத் தடை.

இன்றைக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம். 2025-லிருந்து பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கின்றன. ஹேய்ஸ் மீது வந்த புகார்களில் காலம் அவர் பக்கம் சாய்ந்தது இந்த ஒன்றில்தான். மற்றவற்றில் காலம் எதிர்ப்பக்கம் போய்விட்டது.

இரண்டாவது விவகாரத்தில் அவர் நடந்துகொண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1961-ல் அணி ஒரு டிரா தவிர எல்லாம் ஜெயித்து ரோஸ் பௌல் அழைப்பைப் பெற்றது. பேராசிரியர்கள் கவுன்சில் கூடி, படிப்பை ஃபுட்பால் விழுங்குகிறது என்று சொல்லி, 28-க்கு 25 என்ற ஓட்டில் போக வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். மூன்று ஓட்டு வித்தியாசத்தில் பேராசிரியர்கள் ஒரு மாநிலத்தின் புத்தாண்டுக் கொண்டாட்டத்தையே ரத்து செய்தார்கள். மாணவர்கள் ஹை ஸ்ட்ரீட்டில் இறங்கினார்கள், ஊரே கொதித்தது. எல்லோரும் எதிர்பார்த்தது ஹேய்ஸ் நெருப்பை ஊதிவிடுவார் என்று. அவர் ஊதவில்லை. அந்த 28 பேரின் முடிவை ஏற்கவில்லை, ஆனால் அவர்கள் நேர்மையை மதிக்கிறேன் என்றார். புத்திசாலித்தனத்தைப் பற்றி மட்டும் ஒரு குத்தல் சேர்த்துக்கொண்டார். அதற்கு மேல் போகவில்லை.

அதாவது, இந்த மனிதருக்குத் தன்னை அடக்கிக்கொள்ளத் தெரியாது என்பது பொய். பெரிய விஷயத்தில், ஒரு மாநிலமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அடக்கிக்கொண்டார். அடங்காதது மைதான ஓரத்தில்தான்.

அந்த ஓரத்தில் அவரைப் பார்த்தவர்கள் சொல்லும் படம் ஒரே மாதிரி இருக்கும். பனி கொட்டினாலும் அரைக்கைச் சட்டை, டை, கறுப்புத் தொப்பி. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி இரண்டாகக் கிழிப்பார். கைக்கடிகாரத்தைத் தரையில் போட்டு மிதிப்பார். கண்ணாடியைக் கையிலேயே நொறுக்குவார். தன் கையையே கடித்துக்கொள்வார். பயிற்சிக்கு வருவதற்கு முன் பிளேடால் தொப்பியின் தையலை லேசாக அறுத்து வைத்துக்கொள்வார், கிழிக்க வசதியாக இருக்கும் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையென்றால் பாதிக் கோபம் நாடகம். பிரச்சினை என்னவென்றால், எந்தப் பாதி நாடகம் என்று பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது.

லூ ஹோல்ட்ஸ் பின்னாளில் பெரிய கோச் ஆனவர், 1968-ல் ஹேய்ஸிடம் உதவி கோச். அந்த சீசன் முடிவில் ரோஸ் பௌல். எதிரணியில் ஓ.ஜே. சிம்ப்சன் 80 யார்டு ஓடி டச்டவுன் போட்டுவிட்டார், அதாவது பந்தை எதிர் எல்லைக்கே கொண்டு சேர்த்துவிட்டார். இடைவேளையில் ஹேய்ஸ் வந்து ஹோல்ட்ஸின் கழுத்தைப் பிடித்து, அவன் எப்படி 80 யார்டு ஓடினான் என்று கத்தினாராம். "கோச், அவனுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்" என்று ஹோல்ட்ஸ் பதில் சொன்னாராம்.

ஹோல்ட்ஸ் இதை மேடைக்கு மேடை சொல்வார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் முதல்முறை கேட்டபோது சிரித்தேன். நல்ல ஜோக்தான். கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது: ஒரு முதலாளி வேலை செய்கிறவன் கழுத்தைப் பிடித்த கதைக்குச் சிரித்திருக்கிறோம். அந்த ஆட்டம் ஒஹாயோ ஸ்டேட் 27-16 என்று ஜெயித்து, அந்த வருடத் தேசியச் சாம்பியன் ஆனது. தோற்றிருந்தால் இதே கதைக்கு எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்? வுடி அப்படித்தான் என்று ஊரே தோளைக் குலுக்கிக்கொள்ளப் பழகியது இந்த மாதிரிச் சிரிப்புகளில்தான்.

அப்புறம் மிச்சிகன், பக்கத்து மாநிலத்துப் பல்கலைக்கழகம். ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் எப்படிப்பட்ட பகை என்று வெளியூர்க்காரருக்கு விளக்குவது கஷ்டம். இன்றும் அந்த ஆட்டம் வருகிற வாரம், வளாகத்துப் பெயர்ப்பலகைகளில் மிச்சிகனின் முதல் எழுத்து எங்கே வந்தாலும் அதன் மேல் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டிவிடுவார்கள். முதல் வருடம் நூலகத்துக்குப் போகும் வழியில் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ பராமரிப்பு வேலை நடக்கிறது என்று நினைத்தேன். ஹேய்ஸ் மிச்சிகன் என்ற பெயரையே சொல்லமாட்டார். 'வடக்கே இருக்கிற அந்த மாநிலம்' என்பார். பெரியவர்கள் சிலர் இன்னும் அப்படியே சொல்கிறார்கள். அங்கே போய்த் திரும்பும்போது பெட்ரோல் தீரப்போகிறது என்றாலும் அந்த மாநிலத்தில் ஒரு டாலர் வரிகூடக் கொடுக்கமாட்டேன் என்று எல்லை தாண்டும்வரை பங்க்கில் நிறுத்தவே விடவில்லை என்றும் ஒரு கதை ஓடுகிறது.

1968-ல் மிச்சிகனை 50-14 என்று அடித்தார். ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்ட நிலையிலும் கடைசி டச்டவுனுக்குப் பிறகு ஒரு புள்ளிக்கு உதைக்காமல் இரண்டு புள்ளிக்கு முயன்றார். ஏன் என்று கேட்டதற்கு, மூன்றுக்கு முயல விதி இடம் தரவில்லையே என்றாராம்.

அந்த அவமானத்துக்குப் பதில் அடுத்த வருடமே வந்தது, அதுவும் அவர் வளர்த்த கையிலிருந்தே. மிச்சிகன் 1969-ல் போ ஷெம்பெக்லரை கோச்சாக எடுத்தது. ஷெம்பெக்லர் மயாமியில் ஹேய்ஸிடம் ஆடியவர், ஒஹாயோ ஸ்டேட்டில் அவருக்கு உதவி கோச்சாக இருந்தவர். தொடர்ந்து 22 ஆட்டம் ஜெயித்து, நாட்டில் முதலிடத்தில் வந்து நின்ற ஹேய்ஸ் அணியை 24-12 என்று வீழ்த்தினார். அங்கிருந்து 1978 வரை குருவும் சிஷ்யனும் பத்து ஆட்டம் மோதினார்கள். 'பத்து வருடப் போர்' என்று அதற்குப் பெயர். ஷெம்பெக்லர் ஐந்து, ஹேய்ஸ் நான்கு, 1973-ல் 10-10 டிரா. அந்த டிராவுக்குப் பிறகு ரோஸ் பௌலுக்கு யார் போவது என்று லீக்கின் நிர்வாகிகள் ஓட்டுப் போட்டு ஒஹாயோ ஸ்டேட்டை அனுப்பியதை ஷெம்பெக்லர் சாகும்வரை மன்னிக்கவில்லை. அந்த நிர்வாகிகளைத்தான் சொல்கிறேன், ஹேய்ஸை இல்லை. குருமீது அவருக்குக் கடைசிவரை பிரியம்.

இந்தப் பத்து வருடத்தில்தான் கை நீள்வது கூடியது. 1971-ல் மிச்சிகனிடம் 10-7 என்று தோற்கும் நேரத்தில், நடுவர் தவறவிட்டதாக நினைத்த ஒரு ஃபவுலுக்காக மைதானத்துக்குள் பாய்ந்து, ஓரத்தில் நட்டிருந்த யார்டுக் குறிகளைப் பிடுங்கி எறிந்து உடைத்தார். 1973 புத்தாண்டு அன்று, ரோஸ் பௌல் தொடங்குவதற்கு முன்பே, நெருங்கி வந்து படமெடுத்த ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரின் கேமராவை அவர் முகத்திலேயே தள்ளினார். போலீஸ் புகார்வரை போய்ப் பிறகு அது கைவிடப்பட்டது. 1977-ல் மிச்சிகன் ஆட்டத்தில் தன் ஆள் பந்தை நழுவவிட்டதும், தன் முகத்தை நெருக்கத்தில் எடுத்துக்கொண்டிருந்த தொலைக்காட்சிக் கேமராக்காரரைக் குத்தினார். நாடு முழுக்க நேரலையில் பார்த்தது. லீக் அவரைத் தகுதிகாணில் வைத்தது. பல்கலைக்கழகம் அடுத்த சீசனுக்கு அவரையே வைத்துக்கொண்டது.

இதில் ஒரு வரிசை இருப்பதைக் கவனியுங்கள். முதலில் தொப்பி, கடிகாரம். பிறகு குறிக்கம்பம். பிறகு கேமரா. பிறகு கேமரா பிடித்திருந்த மனிதர். அடுத்தது ஆடுகிற பையன். இதை ஒரு நாள் இரவில் நடந்த விபத்து என்று எப்படிச் சொல்வது?

1978 டிசம்பர் 29, ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில், கேட்டர் பௌல், ரோஸ் பௌல் மாதிரி சீசன் முடிவில் நடக்கும் இன்னொரு ஆட்டம். ஹேய்ஸுக்கு 65 வயது. நான்கு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து தேறியவர், சர்க்கரை நோயாளி. அந்த சீசன் சுமார்தான். எதிரே கிளெம்சன் பல்கலைக்கழகம். குவார்ட்டர்பேக் ஆர்ட் ஷ்லீஸ்டர், முதலாண்டு மாணவன், நன்றாக எறியக்கூடியவன். வாழ்நாள் முழுக்க ஓட்டத்தை நம்பிய கிழவர் கடைசி வருடத்தில் அந்தப் பையனுக்காகக் கொள்கையைத் தளர்த்தியிருந்தார்.

கிளெம்சன் 17, ஒஹாயோ ஸ்டேட் 15. இரண்டு நிமிடம் சொச்சம் பாக்கி. பந்து கிளெம்சனின் 24 யார்டு கோட்டில். அங்கிருந்து கம்பங்களுக்கு நடுவே ஒரு உதை சரியாகப் போனால் மூன்று புள்ளி, ஜெயித்துவிடலாம். இன்னும் கொஞ்சம் நெருங்கலாம் என்று எறியச் சொன்னார்கள். ஷ்லீஸ்டர் எறிந்தான். சார்லி பாமன் என்கிற கிளெம்சன் தடுப்பு வீரன் குறுக்கே வந்து பிடித்துக்கொண்டான். தடுப்பு வரிசையின் நடுவில் நின்று முட்டி மோதுகிற ஆள். அவன் கைக்குப் பந்து வருவதே அபூர்வம். பிடித்ததும் ஓடினான், ஒஹாயோ ஸ்டேட் ஆட்கள் அவனைக் கோட்டுக்கு வெளியே தள்ளினார்கள். தள்ளியது அவர்கள் பக்க ஓரத்தில். எழுந்தபோது எதிரில் ஹேய்ஸ்.

இடது கையால் பையனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தொண்டையில் குத்தினார். பாமனுக்குக் காயமில்லை. கவசம் போட்டிருந்தான். கவசம் போட்ட வாலிபனை வெறுங்கையால் குத்துகிற அறுபத்தைந்து வயதுக்காரர், பார்க்கவே பரிதாபமாக இருக்கும். உடனே இரு பக்கமும் கலவரம். ஹேய்ஸைப் பிடித்து இழுக்க வந்தவர்களில் கென் ஃபிரிட்ஸ் என்பவர் அவர் அணி வீரர். ஹேய்ஸ் அவர்மீதும் பாய்ந்தார். ஆட்டம் அதே 17-15-ல் முடிந்தது.

மறுநாள் காலையே விளையாட்டுத் துறை இயக்குநர் ஹியூ ஹிண்ட்மன் ஹோட்டலில் ஹேய்ஸைச் சந்தித்தார். ஹிண்ட்மனும் மயாமியில் ஹேய்ஸிடம் ஆடியவர், பிறகு அவருக்குக் கீழே உதவி கோச்சாக வேலை பார்த்தவர். ராஜினாமா செய்ய வாய்ப்புக் கொடுத்தார். அது உனக்கு ரொம்பச் சுலபமாகிவிடும், நீயே என்னை நீக்கிக்கொள் என்கிற அர்த்தத்தில் ஹேய்ஸ் பதில் சொன்னார். பல்கலைக்கழகத் தலைவர் ஹெரால்ட் எனார்சன் முடிவுக்குத் துணை நின்றார். விமானம் கொலம்பஸ் திரும்பும்போது அவர் கோச் இல்லை.

என் கருத்து, இதை ஏற்காதவர்கள் கொலம்பஸில் நிறைய: 1977-லேயே, கேமராக்காரரைக் குத்திய மறுநாளே, மரியாதையாக வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அவருக்கே அது பெரிய உதவியாக இருந்திருக்கும். அனுப்பாததற்குக் காரணம் பாசம் என்பார்கள். அவர் பதவியில் இருந்த கடைசி பத்து சீசனில் எத்தனை பிக் டென் பட்டம் என்று எண்ணிவிட்டு அப்புறம் பாசத்தைப் பற்றிப் பேசலாம்.

சரி, இப்படிப்பட்டவர் பெயரில் எதற்குத் தெரு?

43,000 டாலர் என்றேனே. அதைவிட அதிகம் கிடைத்திருக்கும். சம்பள உயர்வு தந்தபோதெல்லாம், உதவி கோச்களுக்குக் கொடுங்கள் என்று தள்ளிவிடுவார். கொலம்பஸை ஒட்டிய அப்பர் ஆர்லிங்டனில் கார்டிஃப் ரோட்டில் ஒரு சாதாரண வீடு, சாகும்வரை அதே வீடு. தொலைபேசி டைரக்டரியில் எண் பகிரங்கமாக இருக்கும். தோற்ற இரவில் திட்ட அழைக்கிறவர்களுக்கும் மனைவி ஆன் பொறுமையாகப் பதில் சொல்வார். பையன்கள் பட்டம் வாங்கியே ஆக வேண்டும் என்பதில் வெறி. முதலாண்டு மாணவர்களை உட்கார வைத்து ஆங்கிலச் சொற்கள் கற்றுக்கொடுப்பார். படிப்பை முடிக்காமல் போனவர்களை வருடங்கள் கழித்தும் தொலைபேசியில் கூப்பிட்டு நச்சரிப்பார். ராணுவ வரலாறு அவருக்குப் பைத்தியம். பயிற்சி வகுப்பில் திடீரென்று போர்க்களம் ஒன்று முளைக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போவது அவருக்கு வாராந்திர வேலை மாதிரி. யாரும் கூப்பிட வேண்டாம், பத்திரிகைக்காரர் யாரும் கூட வரக்கூடாது. வியட்நாமுக்குப் பல தடவை போய்ச் சிப்பாய்களைப் பார்த்தார். பார்த்தவர்களின் பெயரையும் வீட்டு எண்ணையும் குறித்துக்கொண்டு, ஊர் திரும்பியதும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, உங்கள் பையனைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறான் என்பார். அப்படி ஒரு போன் வந்த வீட்டில் வுடி ஹேய்ஸைப் பற்றித் தப்பாகப் பேசிப் பாருங்கள்.

ஒன்று இன்னொன்றைக் கழித்துவிடாது. ஆஸ்பத்திரிக்குப் போனதால் பாமனைக் குத்தியது சரியாகாது. குத்தியதால் அந்த போன்கள் பொய்யாகாது. அவரை விரும்புகிறவர்கள் முதலாவதைச் செய்ய முயல்கிறார்கள், இணையத்தில் வீடியோ போடுகிறவர்கள் இரண்டாவதை.

பதவி போன பிறகு அவர் ஊரைவிட்டு ஓடவில்லை, ஊரும் அவரைத் துரத்தவில்லை. வளாகத்திலேயே ஒரு அறை கொடுத்தார்கள். 1983-ல் கல்லூரி ஃபுட்பாலின் புகழரங்கத்தில் சேர்த்தார்கள். அதே வருடம் அக்டோபர் 29 அன்று நடந்ததைத்தான் கொலம்பஸ்காரர்கள் சொல்லும்போது குரல் மாறும். ஒஹாயோ ஸ்டேட் வாத்தியக் குழு மைதானத்தில் வரிசையாக நடந்து, ஆங்கிலத்தில் ஒஹாயோ என்று சேர்த்தெழுத்தில் எழுதும். 'ஐ' எழுத்துக்கு மேலே புள்ளி வைப்பது சூசஃபோன் என்கிற பெரிய ஊதுகுழல் வாசிக்கும் ஒரு மூத்த மாணவரின் வேலை. வாத்தியக் குழுவில் இல்லாத ஒருவருக்கு அந்த இடத்தைக் கொடுப்பது மிக அபூர்வம். அன்று ஹேய்ஸை நடக்க வைத்தார்கள். வேலையை விட்டுத் தூக்கி ஐந்து வருடம்கூட முழுதாக ஆகவில்லை. மைதானம் எழுந்து நின்றது.

1986 மார்ச்சில் பட்டமளிப்பு விழாவில் அவரைப் பேசக் கூப்பிட்டு கௌரவ டாக்டர் பட்டமும் கொடுத்தார்கள். உடம்பு தளர்ந்திருந்தது. என் வாழ்க்கையில் இதுதான் மிகப் பெரிய நாள் என்று தொடங்கினார். உங்களுக்கு உதவியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது, அவர்கள் போயிருப்பார்கள், அதனால் அடுத்தவருக்குக் கொடுங்கள் என்பது பேச்சின் சாரம். அந்த வாசகத்தை ஊரில் இன்றும் பல சுவர்களில் பார்க்கலாம். அடுத்த வருடம் மார்ச் 12 அன்று தூக்கத்தில் இறந்துபோனார். இறுதிச் சடங்கில் இரங்கல் உரை நிகழ்த்தியவர் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்சன். முதல் சந்திப்பில் நான் ஃபுட்பால் பேச விரும்பினேன், வுடி வெளியுறவுக் கொள்கை பேச விரும்பினார், கடைசியில் வெளியுறவுக் கொள்கைதான் பேசினோம் என்று நிக்சன் சொன்னார். பதவி இழந்த ஒருவருக்கு, பதவி இழந்த இன்னொருவர்.

பாமனிடம் அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவில்லை. பாமன் அந்த இரவைப் பற்றிப் பேசுவதையே பெரும்பாலும் தவிர்த்துவிட்டார், பேசிய சில தடவையும் அவர்மீது வன்மம் இல்லை என்றுதான் சொன்னார்.

அந்த வீடியோவை இன்னொரு தடவை பார்ப்பீர்களானால், குத்தை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் சில நொடிகளில் கிழவரைச் சுற்றி வளைக்கிற அவருடைய பையன்களைப் பாருங்கள். இது எங்கே போய் முடியும் என்று முன்பே தெரிந்தவர்கள் மாதிரி இருக்கும் அந்த அவசரம்.